துரை கொடுத்த பாட்டில்

பங்குச் சாமியார் வந்து, சாகிறவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டுப் போன பிறகும் சவுரிராயனுக்கு உயிர் போகவில்லை.

கயிற்றுக் கட்டிலில் கிடந்தபடி ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டார். துரை கொடுத்த ஒயினில் ஒரு வாய்.

புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் சமையல்காரராக இருந்தவர் அவர். காலமெல்லாம் அடுத்தவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தே கை ஓய்ந்தது. துரை வீட்டு ஒயின் தன் நாக்கில் ஒரு சொட்டு பட்டதில்லை. துரை தன் நாட்டுக்குத் திரும்பும்போது ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். சாகிற அன்றைக்கு அதில் ஒரு வாய் குடிப்பேன் என்று கிழவர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

அதை யாரும் சீண்டியதில்லை. போன மாதம்தான் மகன் ஆண்டோ, கேட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம் என்று, செல்போனில் படம் பிடித்துப் புதுச்சேரியில் பழம்பொருள் வாங்குகிற ஒருவரிடம் காட்டினான்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். பாட்டிலில் போட்டிருந்த வருஷம் பிரெஞ்சு நாட்டில் பனி கொட்டித் திராட்சைக் கொடியெல்லாம் கருகிவிட்டதாம். விளைந்ததே கொஞ்சம், குடித்தது போக மிஞ்சியது அதிலும் கொஞ்சம். அதனால்தான் பணக்காரர்கள் அதற்கு அடித்துக்கொள்கிறார்களாம். விலையைக் கேட்ட ஆண்டோ இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். தக்கையை மட்டும் தொட்டிருக்கக் கூடாது என்றார்.

நல்ல கூத்துதான். வல்லத்துப் பக்கம் ஆண்டோவின் நிலத்திலும் மல்லாட்டைக் கடலைச் செடி பூவோடு கருகித்தான் கிடந்தது. அதற்காக யாரும் அடித்துக்கொள்ளவில்லை. மழை ஏமாற்றி, கிணறு வறண்டு, போர் போட்டால்தான் இனி விதைப்பு என்று ஆகியிருந்தது. திண்டிவனத்தில் பிளாட் போட்டு விற்கிறவன் வரப்பில் நின்று நிலத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

பாட்டிலை வாங்கப் புதுச்சேரிக்காரர் நாளைக் காலையில் வருகிறார். கிழவர் இன்றைக்கு இழுத்துக்கொண்டு கிடக்கிறார்.

ஆண்டோவின் தங்கை டயானாவுக்குப் பொறுக்கவில்லை. சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"உசுரு அதுக்குத்தான் இழுத்துக்கினு கெடக்குது. ஒரு ஸ்பூன் ஊத்தினா உன் சொத்து அழிஞ்சா பூடும்? நீயெல்லாம் ஒரு புள்ளையா?"

ஆண்டோவுக்கு அவமானத்தில் காது சூடேறியது. மனைவி லூர்து மேரியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடுவிடுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பீரோ திறக்கிற சத்தம் வெளியே கேட்டது.

வெகுநேரம் கழித்துத்தான் வந்தான். கையில் எவர்சில்வர் டம்ளர். அதில் கருஞ்சிவப்பாக ஒயின்.

"தொறந்துட்டேன், போ" என்றான்.

டயானா உடைந்துபோய் அழுதாள். பேசியதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே என்று அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள். அந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று அவர்களுக்குத் தெரியும். ஆண்டோ யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஒரு கையைத் தங்கை பிடித்திருக்க, மற்ற கையால் அப்பாவின் வாயில் ஸ்பூனை வைத்தான். கொஞ்சம் தாடையில் வழிந்தது, மீதி உள்ளே இறங்கியது.

கிழவர் நாக்கைச் சப்பிக்கொண்டார்.

"நல்லா இருக்காப்பா?" என்று டயானா கேட்டாள்.

அவர் கண்ணைத் திறந்து மகனைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூட ஆண்டோ தாங்கியிருப்பான்.

"இருக்காதா பின்ன. கிறிஸ்மஸுக்கு நம்ம மேரி வூட்ல போட்ட ஒயினாச்சே."

டயானா அண்ணனின் கையை விட்டாள்.