விளக்கு எரியவில்லை

"வாசல்லேருந்து ஜன்னல் வரைக்கும் நடந்து வா" என்றார் ஏணியில் நின்ற எலக்ட்ரீஷியன். மேசை நாற்காலிகூட வராத புதிய அலுவலகம் அது. ஆள் வந்தால் தானாகவே விளக்கைப் போடும் சென்சாரை அப்போதுதான் கூரையில் பொருத்தியிருந்தார்.

அவர் மனைவி சுவரைப் பிடித்தபடி மெதுவாக நடந்து வந்தாள். விளக்கு எரியவில்லை.

"அதுக்கு உன்னைத் தெரியல. சுவரை விட்டுட்டு நடுவுல வா."

"லீவு நாள்ல இது என்ன கூத்து? கூட வேலை செய்யறவர் எங்கே?"

"சாமான் வாங்கப் போயிருக்கான். இன்னும் ஒரே ஒரு தடவை, வா."

முணுமுணுத்தபடியே அவள் போனாள், வந்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் சென்சாரைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

வயர்ச் சுருளோடு கூட்டாளி உள்ளே வந்தார். "அண்ணே, அதுக்கு இன்னும் கரன்டே குடுக்கலையே! எதை டெஸ்ட் பண்றீங்க?"

எலக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து இறங்கினார். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில், கட்டிலை விட்டு நகர மறுத்தவள் அவள். நடந்து காட்ட ஆள் இல்லாவிட்டால் வேலை கெட்டுப்போகும் என்று கெஞ்சித்தான் அழைத்து வந்திருந்தார்.

"கோபமா?"

"ரெண்டாவது நடையிலேயே புரிஞ்சுபோச்சு. இத்தனை வருஷமா உங்ககூடக் குப்பை கொட்டறேன், பொய் சொன்னா உங்க காது சிவக்கும்னு தெரியாதா?"

"அப்புறம் ஏன் நடந்தே?"

"டாக்டர், புள்ளைங்க எல்லாரும் 'நட'ன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் 'வா'ன்னு கூப்பிட்டீங்க."

கூட்டாளியிடம் திரும்பினாள். "நீங்க கரன்ட் குடுங்க தம்பி. அதுக்குள்ள அடுத்த ரூமை ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்."