எத்தனை கிளைக் கொம்பு?

“தலை முன்னால போகணும்! கால் முன்னால வெச்சு இழுக்கறதுக்கு இதென்ன விறகுக்கட்டையா?”

ஹார்லன் ஸ்ட்ராண்ட் போட்ட அதட்டலில் பைன் கிளையிலிருந்து கொஞ்சம் பனி உதிர்ந்தது. மருமகள் ஜொலீன் சறுக்குத் தட்டைத் திருப்பினாள். கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு மறுபடி இழுக்கத் தொடங்கினாள். மகன் ரஸ்ஸல் மேட்டுப் பக்கம் நின்று, பாரம் சரிவில் ஓடிவிடாதபடி பின்கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

மொன்டானா மலையின் அந்தப் பள்ளத்தாக்குக்குள் வண்டி வராது. விழுந்து கிடக்கும் மரங்களும் பனி மூடிய பாறைகளும்தான் பாதை. ராத்திரி பனிப்புயல் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். இருட்டுவதற்குள் பாரத்தைச் சாலையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

காலையில் ஹார்லனின் ஒரே குண்டில் மான் விழுந்தது. கொம்பு பரந்த பெரிய ஆண் மான். உருண்டுபோய்ப் பாறைச் சந்தில் கிடந்தது. “இந்த மலையில எனக்கு வழி சொல்றியா நீ?” என்று மகன் நீட்டிய ஊன்றுகோலைத் தட்டிவிட்டு, முதலில் இறங்கியவரும் ஹார்லன்தான்.

அதுவரை எல்லாம் ஸ்ட்ராண்ட் குடும்பத்து முறைப்படி நடந்தது. அதற்குப் பிறகுதான் சிகாகோவிலிருந்து வந்த மருமகள் யோசனை சொல்ல ஆரம்பித்தாள்.

“பக்கத்துப் பண்ணை ஓடெல் அண்ணன்கிட்ட கோவேறு கழுதை இருக்கு மாமா. ஒரு வார்த்தை சொன்னா ஓட்டிட்டு வந்துடுவார்.”

“அவன்கிட்ட போய் நிக்கணுமா? அவனுக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு? எங்க தாத்தா காலத்துலேருந்து எங்க வீட்டுப் பாரம் எங்க தோள்லதான் இறங்கியிருக்கு.”

“இப்பவும் தோள்லதான் இறங்குது. என் தோள்ல.”

வாய் மட்டும் குறைச்சலில்லை என்று ஹார்லன் நினைத்துக்கொண்டார். கடையில் மடித்த மடிப்புகூடக் கலையாத ஆரஞ்சு நிற வேட்டைச் சட்டை. பேரங்காடியில் வாங்கிய காலணி. பிள்ளைகள் பனியில் சறுக்கி விளையாடும் இந்தப் பிளாஸ்டிக் தட்டையும் அவள்தான் வண்டியில் ஏற்றினாள். காலையில் அதைப் பார்த்து அவர் வயிறு வலிக்கச் சிரித்திருந்தார்.

“அது என்ன முடிச்சு? ஷூ லேஸ் கட்டறியா?”

“அவுந்தா முதல்ல உங்களுக்குத்தான் தெரியும் மாமா. பேசாம இருங்க.”

“எங்க வீட்டுப் பொம்பளைங்க கண்ணை மூடிக்கிட்டு முடிச்சுப் போடுவாங்க.”

“அப்படியா? அத்தை ஒரு தடவைகூட உங்களோட வேட்டைக்கு வரலைன்னாங்களே. இப்பத்தான் காரணம் புரியுது.”

ரஸ்ஸல் சட்டென்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் சிரிப்பதை ஹார்லன் பார்த்துவிட்டார். பெற்ற பிள்ளையே இப்படியென்றால் வந்தவளைச் சொல்லி என்ன பயன்?

இந்த மலையை அவரளவுக்கு அறிந்தவர் யார்? மர உச்சிகளை மட்டும் பார்த்தே இடம் சொல்லக்கூடியவர் அவர்.

“இதோ, இடி விழுந்து பிளந்த மரம். இடப்பக்கம் ஒடி!”

“உங்க இடப்பக்கமா, எங்க இடப்பக்கமா?”

“இடப்பக்கம்னா இடப்பக்கம்தான்! அதுல என்ன உன்னுது என்னுது?”

தட்டு பாறையில் போய் இடித்தது. ஹார்லன் அலறினார்.

“கண்ணு எங்கே இருக்கு உனக்கு?”

ஜொலீன் நின்றாள். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். “அப்பப்பா, என்ன கனம்! கோடை பூரா நல்லாத் தின்னு கொழுத்திருக்கு.”

“மரியாதையாப் பேசு! எதைப் பத்திப் பேசறோம்னு யோசிச்சுப் பேசு!”

“ரஸ், உன் கையைக் காட்டு.” அவள் குரல் மாறியிருந்தது. கையுறையைக் கழற்றினான் அவன். கயிறு உள்ளங்கையை அறுத்திருந்தது.

“இன்னும் பாதி தூரம் இருக்கு. வெளிச்சம் போயிடுச்சு. இதுக்கு மேல நம்மால முடியாது” என்றாள்.

“முடியாதுன்னு ஸ்ட்ராண்ட் வீட்டுல யாரும் சொன்னதில்ல. இழு!”

அப்போது கீழேயிருந்து மணிச்சத்தம் கேட்டது. பனித்தூறலுக்குள் ஒரு விளக்கு ஆடி ஆடி ஏறி வந்தது. சத்தத்தை வைத்தே ஹார்லனுக்குத் தெரிந்துவிட்டது. ஓடெலும் அவனுடைய கோவேறு கழுதையும்.

“மூடு! தார்ப்பாயை இழுத்து நல்லா மூடு! அவன் கண்ணுல எதுவும் படக் கூடாது. வாயைத் திறந்தீங்க, தொலைச்சுப்புடுவேன்!”

ரஸ்ஸல் அவசரமாகத் தார்ப்பாயை இழுத்து நுனிகளைச் செருகினான்.

ஓடெல் வந்து சேர்ந்தான். விளக்கை உயர்த்தித் தட்டைப் பார்த்தான்.

“உங்க வண்டி இன்னும் சாலையிலயே நிக்குதேன்னு ஏறி வந்தேன். பெரியவர் எங்கே, முன்னாலயே வீட்டுக்குப் போயிட்டாரா? என் கழுதை ஏறின பாதையில அவர் நடக்கக்கூட மாட்டாரே!”

ஓடெல் தார்ப்பாயின் மேட்டை ஒரு வேட்டைக்காரனின் கண்ணால் அளந்தான். உதட்டைக் குவித்து விசிலடித்தான்.

“அடேயப்பா, பெரிய உருப்படிதான்! எத்தனை கிளைக் கொம்பு?”

ரஸ்ஸல் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜொலீன் ஒருமுறை புருஷனின் கையைப் பார்த்தாள், ஒருமுறை கழுதையைப் பார்த்தாள். தோளிலிருந்து கயிற்றைக் கழற்றி ஓடெலின் கையில் கொடுத்தாள்.

“கொம்புக்கு ஒண்ணும் குறைச்சலில்ல அண்ணே. ஆனா மான் மேலயே கிடக்கு. இது காலை உடைச்சுக்கிட்ட எங்க மாமா.”