குழாயடி யானை

“எங்க யானையை நாசம் பண்ணினது யாரு?”

சுந்தரராமன் போட்ட சத்தத்துக்குக் குழாயடியில் குடங்கள் மட்டும்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. வரிசையில் நின்ற பெண்கள் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்ப் குழாயடிச் சுவரில் போன வாரம் அவனே நின்று ஒட்டிவிட்டுப் போன போஸ்டர் அது. பிள்ளைகள் படம் போடுகிற மெழுகுக் கலர்க்குச்சிக்கு விளம்பரம். ஆளுயர யானை, பின்னால் ஒரு மரம். வெறும் கோடுதான், உள்ளே எல்லாம் வெள்ளை. தும்பிக்கையில் மட்டும் ஒரு சிவப்புக் குச்சி. கீழே இங்கிலீஷில், ‘எனக்கு வண்ணம் கொடேன்!’ என்று ஒரு வரி. பார்க்கிற பிள்ளை ஓடிப்போய்க் கலர்ப்பெட்டி வாங்கும் என்பது சுந்தரராமன் மூளையில் உதித்த யோசனை.

அவன் கம்பெனி மானேஜருக்கு நம்பிக்கை இல்லை. “அந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் படமாவது, வண்ணமாவது! தாதரில் ஒட்டு, போதும்.”

“பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன் சார் நான். எனக்குத் தெரியாதா?” என்று இவன் வாதாடினான். பிறந்தது என்னவோ பக்கத்தில்தான். ஆனால், ரயில் பாதையைத் தாண்டி இந்தச் சந்துக்குள் அவன் கால் வைத்தது அந்தப் போஸ்டரோடுதான்.

“சரி, ஒரு வாரம் கழித்து நானே வந்து பார்க்கிறேன். உன்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அங்கேயே சொல்கிறேன்” என்றார் மானேஜர். கம்பெனிகளுக்குச் சிக்கனம் யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். ஒரு போஸ்டர் செலவில் ஓர் ஆளையும் சேர்த்துச் சோதித்துவிடுவார்கள்.

இன்று அவர் வருகிற நாள். அவருக்கு முன்னால் சுந்தரராமன் வந்து பார்த்தால் யானை கன்னங்கரேலென்று நிற்கிறது! நெற்றிப்பட்டத்தில் குங்குமம். முதுகுத் துணியில் மஞ்சள். வானத்தில், வெள்ளை வேட்டிக்குப் போடுகிற நீலம் வழிந்திருந்தது. மரத்தில் கீரையைக் கசக்கித் தேய்த்திருந்தார்கள்; ஓர் இலை ஒட்டிக்கொண்டே இருந்தது. கீழே இருந்த இங்கிலீஷ் வரி புல்லுக்குள் பாதி காணாமல் போயிருந்தது.

எதிரே இருந்த காசிம் கடைக்கு ஓடினான்.

“பாய், ஒரு பெட்டியாவது வித்ததா?”

“அடுக்கினது அடுக்கினபடி இருக்கு தம்பி.”

“அப்ப இது யார் வேலை?”

காசிம் குழாயடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுத்தமாக இருந்த தராசைத் துடைக்க ஆரம்பித்தார்.

போதாதா? குழாயடிக்குத் திரும்பி வந்த சுந்தரராமன், முன்னால் நின்ற இசக்கியம்மாளின் கையைப் பார்த்தான். நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

“நீதானே பண்ணினே?”

“மெதுவாப் பேசுங்க தம்பி. உங்க ஆபீசுல யாருக்கும் தெரிய வேண்டாம்.”

“ஏன் தெரிய வேண்டாம்? பம்பாய் பூராத் தெரியட்டும்! ஒரு நல்ல பொருளை இங்கே வைக்க முடியறதா? எங்க மானேஜர் சொன்னது ரொம்பச் சரி. இப்ப வருவார், அவர்கிட்டயே சொல்லு!”

“மானேஜரா? இப்பவா?” இசக்கியம்மாள் பதறினாள். “ஏட்டி கனகவள்ளி, அந்தக் காதுல கொஞ்சம் விட்டுப்போச்சு பாரு. சட்டுனு இழுத்து விடு!”

கனகவள்ளி குடத்தைப் போட்டுவிட்டுக் கரித்துண்டோடு ஓடினாள்.

“தொடாதே!” என்று சுந்தரராமன் அலறவும், முனையில் பியட் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

மானேஜர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு இறங்கினார். யானையைப் பார்த்தார். கைக்குட்டை தானாகக் கீழே இறங்கியது.

“கலர் போட்டது இவர்களா?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

“மன்னிச்சுக்கணும் சார்...”

“என்னய்யா மன்னிப்பு? பெட்டி வாங்க வழியில்லாதவர்கள்கூடச் சும்மா இருக்க முடியவில்லை, பார்த்தாயா! உன் வாசகம் நேரே நெஞ்சில் போய்த் தைத்திருக்கிறது. இன்று இல்லாவிட்டால் நாளை வாங்குவார்கள். இதையே கோவண்டியில் ஒட்டு, அம்பர்நாத்தில் ஒட்டு! நீ நிரந்தரம்!”

கார் போய்விட்டது. சுந்தரராமன் தன் டெர்லின் சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டுக்கொண்டான். இசக்கியம்மாளிடம் பேசிய குரலில் இப்போது மரியாதை வந்திருந்தது.

“நீங்க கோச்சுக்கக் கூடாது. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கோ. என் வாசகத்தைப் படிச்சதும் உங்களுக்கு என்ன தோணித்து?”

“எதைப் படிச்சதும்?”

“கீழே எழுதியிருந்ததே.”

“அது இங்கிலீசுல்லா தம்பி! அதுக்கு மேல புல்லு போட்டா நல்லாருக்கும்னு கனகவள்ளிதான் சொன்னா.”

“அப்ப எதுக்குக் கலர் போட்டேள்?”

இசக்கியம்மாள் கார் போன திசையை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“எங்க வீட்டு ஆளை, நூலு அறுந்ததைப் பாக்கலன்னு மில்லுல நிறுத்திட்டானுவ. இப்ப தோல் பட்டறையில கெடக்காவ. அந்தக் கறுப்புச் சாயம் அவுக கொண்டாந்ததுதான். நீங்க சின்ன வயசு. குச்சிக்கு மட்டும் சிவப்பைப் போட்டுட்டு, மிச்சத்துக்குக் கலர் போட மறந்து அப்படியே ஒட்டிட்டுப் போயிட்டிய. மானேஜர் கண்ணுல பட்டா உங்களையும் நிறுத்திருவாரேன்னுதான் நாங்க நாலு பேரும் சேந்து... சரி, அதை விடுங்க. அம்பர்நாத்துலயாவது கலரைப் போட்டு ஒட்டுங்க தம்பி. அங்க நாங்க இல்லல்லா!”