ஒன்பதாம் வார்டுப் பால்

ஜெசிந்தாவின் வாய் எப்படிப்பட்டது என்று ஊருக்கே தெரியும். பாவம், எட்டாம் வார்டுச் சுங்கச்சாவடிக்குப் புதிதாக வந்த மிக்கேலுக்கு மட்டும் தெரியாது. ஒன்பதாம் வார்டு ஐஸ் கம்பெனியில் வேலைக்கு நடுவே, மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு அவள் பீய்ச்சிக் கொண்டுவந்த தாய்ப்பால் புட்டியை அவன் வாங்கி வைத்துக்கொண்டான்.

"வெளிவார்டு பாலுக்கு முந்நூறு சதவீத வரிக்கா. கட்டுனாத்தான் புட்டில வரி ஸ்டிக்கர் ஒட்டி விடுவேன். நம்ம வார்டு பால்பண்ணை பொழைக்கணும்லா?"

"எம் பிள்ளைக்கு எம் பாலுலே, மூதேவி!"

"கறந்தது ஒன்பதாம் வார்டுலதான?"

தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், மாமியார் கையில் குழந்தை பசியில் வீறிட்டது. ஜெசிந்தா கம்பிக்கு மேலே எட்டிப் பிள்ளையை வாங்கினாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே பால் கொடுத்தாள். மிக்கேல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"இங்க பாருலே," என்றாள். "இப்ப எங்க ஒட்டுவ, உன் வரி ஸ்டிக்கர?"