சிலாங்கூருக்கு எதிராக கோல் போட்ட பூட்ஸ்

மலாயாவின் நெகிரி செம்பிலான் மாநிலப் பந்தாட்ட வரலாறு, ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் முள்வேலிக் கதவருகே, பால்வாளியோடு வரிசையில் நிற்கிறது. வரலாற்றுக்குக் கொட்டாவி வருகிறது. பந்து விளையாடுவதற்கென்றே தோட்டத்தில் சம்பளம் வாங்கிய சவரிமுத்து, இப்போது எல்லோரையும்போல மரம் சீவப் போகிறார். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொண்டுபோய்விடக் கூடாதென்று, வேலியைத் தாண்டுகிற ஒவ்வொருவரையும் காவல்காரர்கள் தடவிப் பார்க்கிறார்கள். விடியல் சாம்பல் நிறத்தில் தயங்கி நிற்கிறது. “பூட்ஸ கழட்டுங்கண்ணே,” என்கிறான் காவல்காரன் வீராசாமி. சவரிமுத்து நெஞ்சை நிமிர்த்துகிறார். “சிலாங்கூருக்கு எதிரா கோல் போட்ட பூட்ஸ்டா இது. பெரிய தொரையே தொட்டுப் பாத்தாரு. இதையா சோதிக்கப் போற?” பின்னாலிருந்து பாப்பாத்தி, “வருசத்துக்கு ஒரு கோல் கூடிக்கிட்டே போவுதுலா,” என்கிறாள். “வெயில் ஏறுனா பால் நின்னுடும். கழட்டித் தொலைங்கண்ணே!” அவர் குனிகிறார், முழங்கால் சொடுக்குகிறது. பனியில் ஊறிய கயிற்று முடிச்சோடு விரல்கள் வெகுநேரம் மல்லுக்கட்டுகின்றன. கழற்றிய பூட்ஸுக்குள் கைவிட்ட வீராசாமியின் முகம் மாறுகிறது. நுனியில் ஏதோ பொட்டலம். அரிசியென்றால் ஜெயில்தான். “நீங்களாண்ணே?” என்று கேட்டுக்கொண்டே வெளியே இழுக்கிறான். பழைய சேலைத்துணி, உருண்டையாக. உதறுகிறான், ஒரு மணி அரிசிகூட விழவில்லை. மற்ற பூட்ஸிலும் துணிதான். சவரிமுத்து வேலிக்கப்பால் ரப்பர் மரங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வீராசாமி பூட்ஸை அவர் வெறுங்காலுக்குப் பக்கத்தில் வைக்கிறான். அது அவர் காலைவிட மூன்று விரல் நீளம்.