குறுக்குக் கோடு

“நெடுக்குக் கோடு போட்ட துணி எடுங்கம்மா, ஒல்லியா காட்டும்,” என்றாள் தையல்காரி.

“எனக்குக் குண்டா தெரியணும்.”

தையல்காரி இன்ச் டேப்பைக் கீழே வைத்தாள். “எல்லாரும் இடுப்பைக் குறைச்சுக் காட்டச் சொல்லித்தான் உயிரை எடுப்பாங்க. நீங்க என்ன?”

“வெளிநாட்டுல இருந்து மகன் வர்றான். ‘நல்லா சாப்பிடறியா’ன்னு தினமும் போன்ல கேப்பான். ஆமான்னே சொல்லி வச்சிருக்கேன்.”

தனி ஒருத்திக்காக அடுப்பைப் பற்றவைக்க மனம் வருவதில்லை என்பதை அவள் சொல்லவில்லை.

குறுக்குக் கோடு போட்ட விறைப்பான துணி, கழுத்தெலும்பை மறைக்கக் காலர், தோளுக்குள் பஞ்சு. கண்ணாடியில் அவளே ஒரு சுற்றுப் பெருத்திருந்தாள்.

விமான நிலையத்தில் மகனும் ஒரு சுற்றுப் பெருத்து வந்தான். அவன் சட்டையிலும் குறுக்குக் கோடுகள்.

“நல்லா பூசினாப்பல இருக்கியேம்மா!”

“நீ மட்டும் என்னவாம்? உன் சமையல் உனக்கு ஒத்துக்கிச்சு போல!”

கட்டிக்கொண்டு முதுகைத் தடவினாள். சட்டைக்குள் இன்னொரு சட்டை, அதற்குள்ளும் ஒன்று, அதற்கும் அடியில் எலும்பு. அவன் கையும் அவள் தோள் பஞ்சின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

வீடு போய்ச் சேரும்வரை, ‘நல்லா சாப்பிடறியா’ என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.