பாதிப் பேருக்கு மாவு

"வந்திருக்கிறது யார் யார்? நாற்பது பேரையும் உள்ள விட முடியாது" என்றார் டாக்டர் ஒபுரா.

மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். ஒடெரோவின் அம்மா; கிசுமு ஏரிக்கரை மீன் சந்தையில் அவள் சொன்னால் சொன்னதுதான். வாயாடி நியகோவா. இருவருக்கும் பின்னால், மருந்து ஆராய்ச்சிக்குப் பேர் கொடுத்த சந்தைக்காரிகள் நாற்பது பேரில் இளையவள் அடோங்கோ. மூவருக்கும் சர்க்கரை நோய். மூவர் மீதும் பொரித்த மீன் வாடை.

"உட்காருங்க."

"நிக்கிறோம். மாத்திரை இனி கிடைக்குமா, கிடைக்காதா? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள் ஒடெரோவின் அம்மா.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல செய்தி இல்லை. சந்தைக்கே தெரியும்.

"ரத்தத்துல சர்க்கரை ஏறினா இதயம் துருப்பிடிச்ச மாதிரி அரிச்சுப் போகும். இந்த ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரை அதைத் தடுக்குமான்னு பார்க்கத்தான் ஒரு வருஷமா இந்த ஆராய்ச்சி. பாதிப் பேர் பாட்டில்ல மருந்து, பாதிப் பேர் பாட்டில்ல அதே மாதிரி வெறும் மாவு மாத்திரை. முதல் நாளே சொன்னேன்."

"சொன்னீங்க. சர்க்கரைக்காரிக்கு மாவு குடுக்கிற ஒரே டாக்டர் நீங்கதான்" என்றாள் நியகோவா.

அவர் சிரிக்கவில்லை.

"யாருக்கு மருந்து, யாருக்கு மாவுன்னு எனக்கே நேத்துதான் தெரியும். மருந்து வாங்கினவங்களுக்கு இதயம் கொஞ்சம் தேறியிருக்கு."

"அப்ப கிடைக்கும்!" அடோங்கோ முன்னால் வந்துவிட்டாள்.

"மாவு வாங்கினவங்களுக்கும் அதே அளவு தேறியிருக்கும்மா."

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தொடர்ந்தார்.

"ரெண்டும் ஒண்ணுன்னா மருந்தால தேறலைன்னு அர்த்தம். நீங்க உகாலிக் களியைக் குறைச்சது காரணமா இருக்கலாம். வித்தியாசம் தெரிஞ்சிருந்தா நாற்பது பேருக்கும் ஆயுசு முழுக்க மருந்து குடுக்கிறதாப் பேச்சு. இனி கிடையாது. மிச்சம் இருக்கிறதையும் இன்னைக்கே திருப்பி அனுப்பணும்."

"என் தங்கச்சி கரைப் படியில மீன் கூடையோட விழுந்து செத்தா" என்றாள் நியகோவா. குரலில் கிண்டல் இல்லை. "இப்ப அதே படியில நான் நிக்காம ஏறுறேன். அது மாவா, டாக்டரே?"

டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "கோபப்பட மாட்டேன், உண்மையைச் சொல்லுங்க. மாத்திரையைத் தூக்கிப் போட்டீங்களா? வித்தீங்களா? வீட்டுக்காரருக்குக் குடுத்தீங்களா?"

ஒடெரோவின் அம்மாவின் முகம் இறுகியது. "எங்களைப் பார்த்தா திருடிங்க மாதிரி இருக்கா? ஒரு மாத்திரை வீணாகலை. ஒரு மாத்திரை எங்க நாற்பது பேரைத் தாண்டி வெளிய போகலை."

"நம்புறேன்" என்றார் டாக்டர். நம்பினார். அதுதான் அவருக்கு இருந்த கடைசி சந்தேகம். "வேற ஏதாவது சொல்லணுமா?"

அடோங்கோ வாயைத் திறந்தாள். ஒடெரோவின் அம்மா அவள் கையைக் கிள்ளினாள்.

"ஒண்ணும் இல்ல. வர்றோம்."

வாசற்படி இறங்கியதும் அடோங்கோ கையைத் தேய்த்துக்கொண்டே கிசுகிசுத்தாள். "ஏன்க்கா கிள்ளினே? மாசாமாசம் நாற்பது பாட்டிலையும் மீன் கழுவுற அண்டாவுல கொட்டிக் கலந்து, ஆளுக்குச் சமமாப் பங்கு போட்டோமே, அதைச் சொல்லத்தான் போனேன்."

"அதை ஏன்டி அவர்கிட்ட சொல்லணும்? நாம மருந்தைத் தின்னுட்டு, பக்கத்துக் கடைக்காரி மாவைத் தின்னு சாகட்டும்னு விடுறவங்களா? பங்கு போட்டது நம்ம விஷயம். அவர் ஆராய்ச்சிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

அவர்களுக்குப் பின்னால் டாக்டர் கதவைச் சாத்தி உள்ளிருந்து பூட்டினார்.